மாகாளி கிழித்த சட்டை

“எம் பேரு எங்கயுமே இல்லீங்களே,” என்றார் லீலாவதி டீச்சர்.

சுகந்தி ஒரு பெட்டிக்குள் குனிந்திருந்தார். நிமிரவில்லை.

டீச்சர் மேலே கை காட்டினார். அங்கே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் இறக்கைகளில் உபயம் என்று போட்டு ஒரு ஜவுளிக்கடைக்காரர் பேர் சிவப்பு பெயின்டில் இருந்தது. ஃபேன் ஓடும்போது படிக்க முடியாது. கரண்ட் போனால் படிக்கலாம். அந்த ஊரில் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் கடைக்காரருக்கு நஷ்டமில்லை.

“ஃபேன் குடுத்தவருக்குப் பேரு இருக்குது. நான் தெனமும் வந்து முதுகு ஒடிய வேலை செய்யறேன். பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க. ஒரு மூலையில சின்னதாப் போட்டாப் போதும். இனிஷியலோட போடணும். இந்த ஊர்ல லீலாவதி நெறைய. இல்லாட்டி வேற லீலாவதின்னு நெனச்சுக்குவாங்க.”

“உங்க பேரு வராம இருந்தா நல்லதுங்க டீச்சர்,” என்றார் சுகந்தி.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க டீச்சரின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அது மூடிப்போன ஒரு பஞ்சு மில்லின் பழைய குடோன். மில்லில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் சேர்ந்து சில வருஷங்களாகவே அதை மியூசியமாக்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுத் தூக்கு, மிதியடி, ஷிஃப்ட் மணி, யூனியன் கொடி என்று வீட்டுப் பரணில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். துணிகள்தான் அதிகம். துணிகளைப் பாதுகாக்கப் படித்த சுகந்தியை அதற்காகவே வேலைக்கு வைத்திருந்தார்கள். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும்.

லீலாவதி டீச்சர் பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆக, இந்தக் கதையில் சிஷ்யைக்கு வயது அதிகம். டீச்சர் என்று ஊரே கூப்பிடுவதும் சிஷ்யையைத்தான். முதல் நாளிலிருந்தே அங்கே இருந்த குழப்பம் இது.

தன்னார்வலர்கள் தேவை என்ற தட்டியைப் பார்த்துவிட்டு டீச்சர் வந்தபோது கைப்பையில் தன் சொந்தக் கத்திரிக்கோலைக் கொண்டுவந்திருந்தார். நல்ல எடையான, பழைய இரும்புக் கத்திரிக்கோல். அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சுகந்தி அதை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.

பூட்டவில்லை.

“என்ன வேலை செய்யட்டுமுங்க?” என்று டீச்சர் கேட்டார்.

சுகந்தி ஒரு குழந்தைக் கவுனை அவர் முன்னால் விரித்தார். “பாருங்க,” என்றார்.

மத்தியானம் வந்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். டீச்சர் தயாராக இருந்தார். காஜா சரியில்லை, கைக்குழி இழுக்கிறது, இடுப்புச் சுருக்கம் ஒரு பக்கம் கூடியிருக்கிறது, மடிப்புத் தையல் விட்டுப்போயிருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார்.

“வேற?”

“வேற என்னங்க இருக்குது? குடுத்தாச் சரி பண்ணிடுவேன்.”

சுகந்தி கவுனைப் பெட்டிக்குள் வைத்தார். நாளைக்கும் இதையே பாருங்கள் என்றார்.

டீச்சர் மறுநாளும் பார்த்தார். மறுநாளும் காஜா சரியில்லாமல்தான் இருந்தது.

கடைசியில் ஊசி கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலை டீச்சருக்குப் பெருத்த அவமானமாக இருந்தது.

மியூசியத்தில் ஒவ்வொரு துணிக்கும் ஒரு எண் உண்டு. எண்ணைத் துணியில் எழுத மாட்டார்கள். சின்னப் பருத்தி நாடாவில் எழுதி, அந்த நாடாவைத் துணியின் ஓரத்தில் தொளதொளவென்று ஒரு தையலில் தொங்கவிட வேண்டும். அந்தத் தையலுக்காகத் துணியில் புது ஓட்டை விழக் கூடாது. ஏற்கனவே இருக்கிற தையலின் சந்துக்குள் ஊசி போய் வர வேண்டும். நாளைக்கு நாடா வேண்டாம் என்றால் ஒரே இழுப்பில் வந்துவிட வேண்டும்.

டீச்சரின் தையலுக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. துணி கிழியும், டீச்சர் போட்ட தையல் பிரியாது என்பார்கள். அவர் தைத்துக்கொடுத்த யூனிஃபாரத்தை அக்கா போட்டு, தங்கை போட்டு, அதன் பிறகு அது சைக்கிள் துடைக்கப் போகும்போதும் தையல் அப்படியே இருக்கும். அப்படிப்பட்டவர் முதல் நாடாவை வைத்துத் தைத்துக் கொடுத்தார். சுகந்தி இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“பிரியணுமுங்க டீச்சர்,” என்றார்.

“பிரியறதுக்கு எதுக்குங்க தைக்கறது?”

சுகந்தி தையலை மெதுவாகப் பிரித்து, நாடாவைத் திரும்ப டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். இந்தப் பெண் பட்டணத்தில் என்னதான் படித்ததோ என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம்கூடச் சொன்னார்.

தை மாதம் மியூசியம் திறப்பு விழா. அமைச்சர் வருவதாகப் பேச்சு இருந்தது. கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கியது. அதற்குள் எந்தத் துணி வரப்போகிறது என்று டீச்சர் கேட்டதற்கு, ஒரு சட்டை என்று சுகந்தி சொன்னார்.

ஒரு நாள் மத்தியானம் சுகந்தி கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது ஒரு பெட்டியைக் காட்டி, இதற்கு நாடா மட்டும் போட்டு வையுங்கள், உள்ளே இருக்கும் அட்டையை முதலில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் பெட்டியைத் திறந்தார்.

காக்கிச் சட்டை. அரைக்கை. துவைத்துத் துவைத்து மெலிந்த துணி. முதுகில் காலரிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒரே கிழிசலாகக் கிழிந்து இரண்டாகக் கிடந்தது. கிழிசலின் இரண்டு பக்கமும் நூல் பிசிறு பிசிறாக நின்றது. காலரில், கிழிந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, கருப்பாக எண்ணெய்க் கறை.

ஐயோ பாவம் என்று டீச்சர் நினைத்தார். சட்டையை அல்ல, சுகந்தியை. அமைச்சர் வருகிற நாளில், நட்ட நடுக் கூடத்தில், இந்தக் கந்தலையா தொங்கவிடப் போகிறது இந்தப் பெண்? தைக்கத் தெரியாதவள், யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட்டிருப்பாள்.

அட்டை இருந்தது. பொடி எழுத்து. மூக்குக் கண்ணாடியை மாட்டினார், ஆனால் அது ஊசியில் நூல் கோக்க. அட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

பிறகு டிராயரைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்தார்.

அன்றைக்கு அவர் செய்த வேலையைக் குறை சொல்ல இந்த உலகத்தில் எந்தத் தையல்காரராலும் முடியாது. வெளி நூல் சேராது என்று, அதே சட்டையின் கீழ் மடிப்புக்குள்ளிருந்து இழை இழையாக உருவி எடுத்தார். பிசிறுகளை ஒட்ட நறுக்கினார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நெசவு எப்படிப் போகிறதோ அப்படியே ஊசியையும் மேலும் கீழுமாக விட்டு, தறியில் நெய்வது போல இழையோட்டினார். காலருக்கு வந்ததும் இரண்டு கறையும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கறையாயிற்று. அதை அடுத்த வாரம் எலுமிச்சம்பழம் போட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

முடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கிழிசல் எங்கே இருந்தது என்று அவரே தேட வேண்டியிருந்தது. ரிட்டயர் ஆன பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. நாடாவையும் போட்டார். அதை மட்டும் தொளதொளவென்று, சுகந்தி சொன்ன மாதிரியே.

மறுநாள் சீக்கிரமே வந்துவிட்டார். சுகந்தி வந்ததும் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் திறந்து காட்டினார்.

சுகந்தி சட்டையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விரலை வைத்து, காலரிலிருந்து கீழே வரை மெதுவாகக் கொண்டுபோனார்.

டீச்சர் சிரித்த முகமாகக் காத்திருந்தார்.

“இதுல பிசிறு இருந்துச்சுங்களே,” என்றார் சுகந்தி.

“வெட்டிட்டேனுங்க. பிசிறோட தச்சா நிக்காது.”

“வெட்டுன நூலு எங்கீங்க?”

டீச்சர் குப்பைக்கூடையைக் காட்டினார். கூடை காலியாக இருந்தது. காலையிலேயே கூட்டிப் பெருக்கியிருந்தார்கள்.

சுகந்தி பின்கட்டுக்குப் போனார். டீச்சர் ஜன்னல் வழியே பார்த்தார். குப்பை எரித்த இடத்தில் சுகந்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். ஏதோ நகையைத் தொலைத்தவர் போல அவசரமாக அல்ல, நிதானமாக, ஓரத்திலிருந்து ஆரம்பித்து. கிளறி முடித்து, வெறுங்கையோடு எழுந்தார்.

டீச்சர் காலிக் குப்பைக்கூடையை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார்.

சுகந்தி திரும்பி வந்து கை கழுவினார். சேலைக் கரையெல்லாம் சாம்பலாக இருந்தது. அட்டையை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் படித்தார்.

காக்கி அரைக்கைச் சட்டை. அணிந்தவர்: நஞ்சப்பன், கார்டிங் பிரிவு. முதுகில் காலரிலிருந்து விளிம்பு வரை கிழிசல். கிழித்தவர்: மாகாளி.

“கிழிச்சவங்க பேரை எதுக்குங்க போட்டிருக்குது?” என்று கேட்டார்.

சுகந்தி சொன்னார். பஞ்சைச் சிக்கெடுக்கிற மிஷினை ஓட்டுகிற பெரிய பெல்ட், ஒரு நாள் நஞ்சப்பனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்தால் விடாது. ஆளையே சுருட்டிக்கொண்டு மேலே போகும், அப்படிப் போனவர்கள் உண்டு. பக்கத்து மிஷினில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மாகாளி பாய்ந்து வந்து, நஞ்சப்பனின் காலரைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பில் கீழே வரை கிழித்தார். சட்டை மட்டும் பெல்ட்டோடு போயிற்று; மிஷினை நிறுத்திய பிறகுதான் அதை எடுத்தார்கள். நஞ்சப்பன் வெற்றுடம்போடு தரையில் விழுந்து பிழைத்துக்கொண்டார். காலரில் இருந்தது மாகாளியின் கை எண்ணெய்.

நஞ்சப்பனின் மகள் வசந்தாமணி அதன் பிறகு பிறந்தவர். சட்டையை மியூசியத்துக்குக் கொடுத்தது அவர்தான். வருஷா வருஷம் மாகாளி இறந்த நாளன்று வந்து சட்டையைப் பார்த்துவிட்டுப் போவார்.

“அப்பா எறந்த நாளுக்கு இல்லீங்களா?”

“அப்பாவுக்கு வீட்டுல போட்டோ இருக்குதாமுங்க.”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அந்தச் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தான் நின்ற நிலை ஞாபகம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

“பிரிச்சுடறேனுங்க,” என்றார். “பதமாப் பிரிச்சு, பழையபடியே...”

“நீங்க பிரிச்சா அது நீங்க கிழிச்சதா ஆயிடுமுங்க டீச்சர்.”

டீச்சரின் கை மடியிலேயே கிடந்தது.

மாகாளியின் நாள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. சட்டை மருந்தடிக்கச் சென்னைக்குப் போயிருக்கிறது என்று இந்த வருஷம் சொல்லிவிடலாமா என்று டீச்சர் கேட்டுப் பார்த்தார். சுகந்தி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பெட்டியை நீங்கள்தான் திறந்து காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் டீச்சர் வீட்டில் தையல் மிஷினின் உறையைக் கழற்றவில்லை. ரவிக்கையில் ஒரு கொக்கி விட்டுப்போனது. தைக்காமல் ஊக்கைக் குத்திக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடப் பையைத் தைத்துத் தரச் சொல்லி வந்தபோது, கண் சரியில்லை என்று பொய் சொன்னார். தெருவில் யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூசியது. இத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளின் தையலைப் பிரித்துப் போட்டு, கண் எங்கேடி இருக்கிறது என்று கேட்டிருப்போம் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் முழங்கால் வலி என்று போன் பண்ணிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தார். வலி உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது எல்லா நாளும் இருக்கிற வலி. போனை வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

வசந்தாமணி பதினொரு மணி வாக்கில் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், சந்தையில் காய்கறி மண்டி வைத்திருப்பவர், கணீரென்று பேசுகிறவர். கொண்டுவந்த செவ்வந்திப் பூவை வாசலிலேயே வைத்தார். பூவில் பூச்சி இருக்கும், உள்ளே கொண்டுவரக் கூடாது என்று முன்னொரு வருஷம் சுகந்தி சொன்னதை அவர் மறக்கவில்லை. குழாயடிக்குப் போய்க் கை கழுவி, நன்றாகத் துடைத்து, இரண்டு கையையும் சுகந்தியிடம் நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே வந்தார்.

டீச்சர் பெட்டியைத் திறந்தார்.

வசந்தாமணி குனிந்து பார்த்தார். சட்டையைப் புரட்டி முதுகைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். நிமிர்ந்து சுகந்தியைப் பார்த்தார்.

“இது எங்கப்பா சட்டை இல்லீங்க,” என்றார்.

மேசையில் வேறு பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார்.

“பொட்டி மாறிப்போச்சாட்ட இருக்குது. எங்கப்பா சட்டையை எடுங்க.”

“இதுதானுங்க,” என்றார் சுகந்தி.

“இது நல்ல சட்டைங்களே. முழுசா இருக்குது.”

சுகந்தி தலை குனிந்துகொண்டார். தவறு நடந்துவிட்டது, அந்தச் சட்டையைத் தைத்துவிட்டார்கள், பொறுப்பு என்னுடையது என்று மெதுவாகச் சொன்னார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் நின்ற பக்கம் அவர் கண் போகவும் இல்லை.

வசந்தாமணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் குரல் குடோன் முழுவதும் கேட்டது. உங்களை நம்பித்தானே கொடுத்தேன் என்றார். வீட்டிலேயே இருந்திருந்தால் எலி கடித்திருக்கும், ஆனால் எலிகூட இப்படிப் பண்ணியிருக்காது என்றார். படித்தவர்கள் கையில் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று ஊரெல்லாம் சொன்னேனே, இனி எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பேன் என்றார். சுகந்தி எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார்.

டீச்சர் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் இது இப்படியே முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. வசந்தாமணி திட்டி ஓய்ந்து போய்விடுவார். சுகந்தி சொல்ல மாட்டார். சட்டையைத் தைத்தது யார் என்று ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவர் அதற்கு ஆசைப்பட்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை. கொஞ்ச நேரம் நிஜமாகவே ஆசைப்பட்டார்.

சுகந்தியின் சேலையைப் பார்த்தார். அதே சேலைதான். துவைத்தும் கரையில் சாம்பல் கறை முழுசாகப் போகவில்லை.

“அவங்க இல்லீங்க,” என்றார் டீச்சர். “நான்தானுங்க தச்சேன். அவங்க இங்க இல்லாதப்ப. அட்டையைப் படிக்கச் சொன்னாங்க, நான் படிக்கல.”

வசந்தாமணி திரும்பினார். இவ்வளவு நேரமும் அந்த அறையில் இன்னொருவர் நின்றதையே அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

“நீங்க தையல் டீச்சருங்களல்ல?”

“ஆமாங்க.”

“என்ற புள்ளைக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.”

டீச்சர் தலையை ஆட்டினார். தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

வசந்தாமணியின் சத்தம் அடங்கிவிட்டது. சட்டையை உள்பக்கமாகத் திருப்பினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலால் தடவித் தடவித் தையலைத் தேடினார். கிடைத்தது. கீழே வரை அதன் கூடவே விரலைக் கொண்டுபோனார்.

“நல்லாத் தச்சிருக்கீங்க,” என்றார்.

அதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

“எங்கம்மாவும் இந்த மாதிரிதான் தைக்குமுங்க. கரித்துணியைக்கூடச் சும்மா விடாது, ஒட்டுப் போட்டு வெச்சிருக்கும். இதை மட்டும் தொடல. வருசத்துக்கு ஒருக்கா வெயில்ல போட்டு மடிச்சு வெக்கும். நாஞ் சின்னப் புள்ளையா இருக்கறப்ப, தைச்சுக் குடும்மா, அப்பா போட்டுக்கட்டும்னு கேட்டனாம். அன்னைக்குத்தான் எங்கம்மா என்னைய அடிச்சுது.”

அவர் காலரைத் தொட்டார்.

“மாகாளி மாமனுக்குக் கல்யாணம் இல்லீங்க, புள்ளைகுட்டி இல்லீங்க. ஒரு போட்டோ இல்ல. இந்தக் காலரை எப்படிக் கிழிச்சேன்னு அவருக்கே தெரியாதாம். அப்பறம் மில்லுல எத்தனையோ பேரு பழைய சட்டையப் போட்டு இழுத்துப் பாத்தாங்களாம். காலரு கிழியலயாம். எங்கப்பா சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.”

காலரின் கறையில் இரண்டு கை விரல்களையும் வைக்கப் பார்த்தார். முன்பெல்லாம் ஒரு பக்கம் ஒரு கையும் மறுபக்கம் மற்ற கையுமாக வைப்பார் போலிருக்கிறது. இப்போது இடம் போதவில்லை. இரண்டு கையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. எடுத்துவிட்டார்.

“பிரிச்சுத் தரட்டுங்களா?” என்று டீச்சர் கேட்டார். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டார்.

“வேண்டாமுங்க.”

வசந்தாமணி சட்டையை மடித்து வைத்தார். இவ்வளவு நடந்தும் மியூசியத்தார் மடிக்கிற மாதிரியே, மடிப்புக்கு நடுவில் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்து மடித்தார். பிறகு சுகந்தியிடம் ஒன்று கேட்டார். இதில் கிழிசல் இருந்தது என்று எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதி வைக்க முடியுமா, இல்லாவிட்டால் என் பேத்தி வந்து பார்த்துவிட்டு இது ஏதோ ஒரு காக்கிச் சட்டை என்று போய்விடுவாள் என்றார். முடியும் என்றார் சுகந்தி.

வாசலில் செவ்வந்திப் பூ வைத்த இடத்திலேயே இருந்தது. வசந்தாமணி அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. டீச்சரிடம் போய்வருகிறேன் என்று சொல்லவும் இல்லை.

சட்டை கண்ணாடிப் பெட்டிக்குப் போகுமா என்று டீச்சர் கேட்டார். போகும் என்றார் சுகந்தி. நடுக் கூடத்திலா என்று கேட்டார். நடுக் கூடத்தில்தான் என்றார். கூடவே ஒரு பெரிய அட்டை, முதுகுப் பக்கம் தெரிகிற மாதிரி ஒரு விளக்கு.

“எல்லாரும் வருவாங்களேங்க.”

“வருவாங்க.”

கரண்ட் போயிற்று. ஃபேன் மெதுவாகி நின்றது. ஜவுளிக்கடைக்காரரின் பேர் தலைக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. டீச்சர் அதைப் பார்க்கவில்லை.

சுகந்தி ஜன்னல் பக்கம் மேசையை நகர்த்திப் போட்டு, பெரிய அட்டையை எடுத்து வைத்து, பென்சிலால் எழுதத் தொடங்கினார். பழைய அட்டையில் இருந்ததையெல்லாம் அப்படியே எழுதினார். கிழித்தவர்: மாகாளி என்று எழுதி, அடுத்த வரிக்கு வந்தார்.

தைத்தவர் என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, நிறுத்தினார்.

“தன்னார்வலர் ஒருவர்னு போட்டாப் போதாதுங்களா?” என்றார் டீச்சர்.

சுகந்தி பென்சிலை அட்டையிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார்.

வெளியே யாரோ ஜெனரேட்டரை இழுத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. டீச்சர் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாகாளியின் பேரை இன்னொரு தரம் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

“லீலாவதி,” என்றார்.

சுகந்தி எழுதவில்லை. இன்னும் காத்திருந்தார்.

“இனிஷியலோட போடுங்க,” என்றார் டீச்சர். “இல்லாட்டி வேற லீலாவதின்னு நெனச்சுக்குவாங்க.”